சீனத் தோட்டத்தில் யேசுதாஸின் ஃபிளாஸ்க்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போய் யேசுதாஸ் வீடு எது என்று கேட்டால், எந்த யேசுதாஸ் என்பார்கள். ஃபிளாஸ்க் யேசுதாஸ் என்று கேளுங்கள், டீக்கடைக்காரர் முதல் ஷேர் ஆட்டோக்காரர் வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாசலில் விடுவார்கள். கம்பி உருட்டும் மில்லில் காலமெல்லாம் கிரேன் ஓட்டிவிட்டு, ரிட்டயர் ஆகி, காலனியில் வெள்ளையடித்த மாடி வீட்டில் இருக்கிறார். ஆள் நெட்டை. பேச்சு கம்மி. இடது தோளில் வார் போட்டுத் தொங்குவது அந்த ஃபிளாஸ்க். சாவு வீட்டுக்கும் அதோடுதான் போவார், கல்யாண வீட்டுக்கும் அதோடுதான். சர்ச்சுக்கு மட்டும் எடுத்துப்போவதில்லை. ஆண்டவர் டீ குடிக்கச் சொல்லி வற்புறுத்த மாட்டார் என்கிற தைரியம்தான்.

மில்லில் இதற்கு நல்ல சாக்கு இருந்தது. கிரேன் கேபின் கூரையை ஒட்டித் தொங்கும். கீழே உலை வாய் திறந்தால் அனல் நேராக ஏறி வந்து முகத்தில் அடிக்கும். ஏறினால் ஷிப்ட் முடிகிறவரை இறங்க முடியாது என்று சொல்லி ஃபிளாஸ்க்கோடு ஏறிவிடுவார். மற்ற கிரேன்காரர்கள் கயிற்றில் வாளி கட்டி இறக்கி, கீழே இருந்து டீயை இழுத்துக்கொள்வார்கள். இவர் வாளி இறக்கியதே இல்லை. சரி, மேலே இருக்கும்போது அப்படி. ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே எல்லோரும் டீக்கடை பெஞ்சில் உட்காரும்போதும், நடுவில் உட்கார்ந்து, கூட இருப்பவர்களுக்கெல்லாம் டீ சொல்லிவிட்டு, தான் மட்டும் தன் மூடியில் தன் டீயை ஊற்றிக் குடித்தால் அதற்கு என்ன அர்த்தம்? கடைக்காரர் பெஞ்சுக்கு வாடகை கேட்டுப் பார்த்தார். யேசுதாஸ் இன்னொரு மூடி ஊற்றிக்கொண்டார், அவ்வளவுதான். வயிறு சரியில்லை, வெளியில் எதுவும் ஒத்துக்கொள்ளாது என்பது அவர் சொல்லி வைத்திருந்த காரணம். அந்த வயிறு காலனி வீட்டு மீன்குழம்பையும் சர்ச் ஆண்டுவிழா பிரியாணியையும் மட்டும் எப்படி ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் ஏற்றுக்கொண்டது என்று யாரும் கேட்கவில்லை.

லோகு ஒருவர்தான் கேட்டார். லோகு மில்லில் ஃபோர்மேன், ஊர்த் தெருக்காரர். நல்ல மனிதர், யேசுதாஸுக்கு ஒன்று என்றால் மேனேஜரிடம் போய் நிற்பவர். அவர் வீடு கட்டிக் குடிபோனபோது காலனிக்கே வந்து பத்திரிகை வைத்து, நீ வராமல் பந்தி போட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். யேசுதாஸ் போனார். சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கிப் போய்க் கொடுத்தார். லோகுவின் மனைவி தட்டில் டம்ளர்களோடு வருகிறபோது தோளிலிருந்து ஃபிளாஸ்க்கை இறக்கித் திறந்துவிட்டார்.

"இன்னா யேசு, என் ஊட்டு டீல விஷமா கீது?" என்று லோகு கேட்டார்.

வயிறு என்றார் யேசுதாஸ். லோகு அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவரோடு வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. அந்தப் பேச்சு பழையபடி ஆகவேயில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

உண்மைக் காரணம் யேசுதாஸின் மனைவி விக்டோரியாவுக்கு மட்டும் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொன்னார், அதோடு சரி. யேசுதாஸின் அப்பா நெல் வயலில் கூலி வேலை பார்த்தவர். ஊர் டீக்கடையில் காலனி ஆட்களுக்கு என்று தனி கிளாஸ், கூரை ஓலையில் செருகியிருக்கும். எடுத்து, நீட்டி, குடித்து, கழுவி, மறுபடி அங்கேயே செருகிவிட்டு வரவேண்டும். ஒருநாள் அந்த கிளாஸ் உடைந்து கிடந்தது. கடைக்காரர் என்ன நினைத்தாரோ, பெஞ்சில் இருப்பவர்களுக்குக் கொடுக்கிற கிளாஸிலேயே ஊற்றிக் கொடுத்துவிட்டார். அப்பா குடித்துவிட்டுக் கீழே வைத்தார். கடைக்காரர் அதைக் கையால் தொடவில்லை. அடுப்புக் கரி எடுக்கிற இடுக்கியால் கவ்வித் தூக்கி, கொதிக்கிற வெந்நீரை அதன் மேல் ஊற்றி, திருப்பி ஊற்றி, தண்ணீரைத் தெருவில் கொட்டினார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற யேசுதாஸும் பார்த்தார். அப்பா என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். ஏதோ வேடிக்கை நடக்கிற மாதிரி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிரிப்பு.

அப்பா சண்டை போட்டிருந்தால் யேசுதாஸ் மறந்திருப்பார். அழுதிருந்தால்கூட மறந்திருப்பார். அந்தச் சிரிப்பை அவரால் மறக்க முடியவில்லை. வளர்ந்து சம்பாதிக்க ஆரம்பித்ததும் முதலில் வாங்கியது ஃபிளாஸ்க்தான். ரோஷம் என்று நினைத்துவிடாதீர்கள், அது பயம். எங்கே போனாலும் எந்த டம்ளரில் தருகிறார்கள், குடித்த பிறகு அதை என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிற வேலை தனக்கு வேண்டாம் என்றுதான் அதைத் தோளில் மாட்டினார். அந்தக் கடை போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை இருக்கிறது. ஃபிளாஸ்க் போகவில்லை.

இவர்களுக்கு ஒரே பெண், பிரின்சி. நர்சிங் படித்தாள், சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தாள், பிறகு சிட்னிக்குப் போனாள். ஞாயிறு தவறாமல் வீடியோவில் வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முகம் ஒரு மாதிரியாக இருக்கிறதே என்று விக்டோரியா கேட்டதும் கொட்டிவிட்டாள். கூட வேலை பார்க்கிற எக்ஸ்ரே டெக்னீஷியன், ஆல்வின் லாவ் என்று பெயர், அப்பா அம்மா ஹாங்காங்கிலிருந்து வந்து குடியேறினவர்கள். பிடித்திருக்கிறது என்றாள். அவன் சர்ச்சுக்குப் போகிறவன் என்று தெரிந்ததும் விக்டோரியாவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. காலனியில் விஷயம் பரவியபோது சீனக்காரர்களின் சாப்பாட்டைப் பற்றிச் சிலர் கேட்ட கேள்விகளை இங்கே எழுதினால் மரியாதையாக இருக்காது, விடுங்கள்.

யேசுதாஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவர்கள் வீட்டில் நம்மை என்னவென்று நினைப்பார்கள்?

"அவங்களுக்கு நம்ம ஊர் கதயெல்லாம் தெரியவே தெரியாது நைனா" என்றாள் பிரின்சி.

"தெரியாட்டி இன்னா, கண்டுபுடிச்சிப்பாங்க" என்றார் அவர்.

பிரின்சி அதற்கு அழவில்லை, கோபப்படவும் இல்லை. நீ வந்து பார், பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம், ஆனால் வேறு யாரையும் கட்டிக்கொள்ளச் சொல்லாதே என்று முடித்துக்கொண்டாள். அவள் வாக்குத் தவறுகிறவள் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அப்பாவையே கொண்டு பிறந்தவள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மகள் கடைசிவரை தனியாகவே இருந்துவிடுவாள் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் யேசுதாஸ் விக்டோரியாவோடு விமானம் ஏறினார். ஏறுவதற்கு முன்னால் பாதுகாப்புச் சோதனையில் ஃபிளாஸ்க்கைக் காலி பண்ணச் சொன்னார்கள். காலி ஃபிளாஸ்க்கோடு அவர் நடந்தது வாழ்க்கையில் அன்றுதான்.

சிட்னியில் இறங்கியதுமே ஒரு பேஜாரு ஆரம்பித்தது. ஆல்வினின் அப்பா அம்மா வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தார்கள். யேசுதாஸ் முடியாது என்றுவிட்டார். இதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போனாலும் சரி, மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனாலும் சரி, மனசுக்குப் பிடித்து ஒத்துக்கொண்ட பிறகுதான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டாலும் சம்மதம் என்று ஆகிவிடும். பிறகு பேச்சு மாறினால் ஊர் சிரிக்கும்.

"பொண்ண குடுக்கலாமா வேணாமான்னு பாக்க வந்துக்கிறேன். அங்க போய் கை நனைச்சிட்டு அப்புறம் இன்னா பாக்கறது?" என்றார்.

பிரின்சி ஒரு வழி கண்டுபிடித்தாள். நம் ஊரில் கோவிலிலோ சர்ச் மைதானத்திலோ பார்த்துக்கொள்வதில்லையா, அதுபோல இங்கே ஒரு பொது இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். நகரத்துக்கு நடுவில் சீனர்களின் பழைய முறைப்படி கட்டின தோட்டம் ஒன்று இருக்கிறது, ஆல்வினின் அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்த இடம். வீடும் இல்லை, ஹோட்டலும் இல்லை. யேசுதாஸ் சரி என்றார். ஃபிளாஸ்க்கை மட்டும் வைத்துவிட்டு வா நைனா என்று கெஞ்சினாள். அவர் அதன் வாரை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, வீட்டுக்கு வந்து ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனார்கள். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள் அண்ணாந்து பார்க்க வைக்கின்றன. நடுவில் ஒரு வெள்ளை மதில், அதில் முழு நிலா வடிவத்தில் ஒரு வாசல். ஆல்வின் அங்கே காத்திருந்தான். ஒல்லியான பையன், குனிந்து வணங்கி, பிரின்சி சொல்லிக்கொடுத்தபடி வணக்கம் மாமா, வணக்கம் அத்தை என்றான். அந்த வட்ட வாசலுக்குள் கால் வைத்ததும் ரோட்டுச் சத்தம் அப்படியே நின்றுவிட்டது. உள்ளே ஏரி போல் ஒரு குளம், தண்ணீரைத் தொடுகிற மாதிரி சாய்ந்த மரங்கள், ஓட்டுக் கூரை மண்டபங்கள். குளக்கரையில் ஆள் உயரத்துக்குப் பாறைகள், உடம்பெல்லாம் ஓட்டை.

விக்டோரியா அதைப் பார்த்துவிட்டு, மில்லுக்குப் பின்னால் கொட்டி வைத்திருப்பார்களே உலைக் கசடு, அதுபோலத்தானே இருக்கிறது என்றார். யேசுதாஸுக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. இந்தப் பாறைகளை எங்கெங்கோ தேடிப் பொறுக்கி எடுத்து வைப்பார்கள் என்று ஆல்வின் விளக்கினான். மில்லுக்கு வந்திருந்தால் லாரி லாரியாகக் கொடுத்திருப்போமே என்று யேசுதாஸ் நினைத்துக்கொண்டார்.

பாதை நேராகவே போகவில்லை. பத்தடி போவதற்குள் ஒரு திருப்பம், பாலத்தில்கூடத் திருப்பம். ஏன் இப்படி வளைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவர் கேட்க, எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டிவிடக் கூடாது என்பதுதான் கணக்கு என்று ஆல்வின் சொன்னதைப் பிரின்சி தமிழில் சொன்னாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பார்த்தால் அதே குளம் வேறு குளமாகத் தெரியுமாம். யேசுதாஸ் நின்று பார்த்தார். உண்மைதான். காலமெல்லாம் கேபினில் உட்கார்ந்து, உலை, கம்பி, ஆட்கள் என்று எல்லாவற்றையும் மேலே இருந்து ஒரே பார்வையில் பார்த்தவர் அவர். இங்கே ஒரு மூலை திரும்புகிற வரைக்கும் அடுத்து என்ன என்று தெரியவில்லை. பாறை மேல் உடும்பு மாதிரி ஒன்று படுத்து வெயில் காய்ந்தது, யாருக்கும் பயப்படவில்லை. அவருக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதே என்று கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

குளத்தை ஒட்டி ஒரு டீ மண்டபம். ஆல்வினின் அப்பா அம்மா, லாவ் தம்பதி, முன்னாலேயே வந்து உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள்; ஆல்வினும் பாதிக் கோப்பையை விட்டுவிட்டுத்தான் வாசலுக்கு வந்திருந்தான். லாவ் குட்டையானவர், பேக்கரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர் மனைவி துணி தைக்கிற கம்பெனியில் இருந்தவர். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் யேசுதாஸ் அளவுக்குத்தான் வந்தது. இவரிடம் இருந்தது மில் இங்கிலீஷ்: ஸ்லோ, ஸ்டாப், லிஃப்ட், ஹாட். சிரித்தார்கள், கைகொடுத்தார்கள், உட்கார்ந்தார்கள். டீ வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று யேசுதாஸ் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக வந்தவர்களுக்குக் கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பைகளைக் கடைப்பெண் கொண்டுவந்து வைத்தாள். அவர் முன்னால் வைத்த கோப்பையில் நீலத்தில் ஒரு மீன் வரைந்திருந்தது. அழகாக இருக்கிறதே என்று கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

வைத்ததுதான் தாமதம், ஆல்வினின் அம்மா தட்டிலிருந்து ஒரு மூங்கில் இடுக்கியை எடுத்தார். யேசுதாஸ் தொட்ட அந்தக் கோப்பையை இடுக்கியால் கவ்வித் தூக்கினார். கொதிக்கிற டீயை அதன் மேல் ஊற்றினார், உள்ளே ஊற்றினார், சுழற்றினார், அத்தனையையும் பக்கத்தில் இருந்த கிண்ணத்தில் கொட்டினார். அடுத்து விக்டோரியாவின் கோப்பை. அடுத்து பிரின்சியுடையது. லாவின் கோப்பையும் அந்த அம்மாவின் கோப்பையும் ஆல்வினுடையதும் அப்படியே டீயோடு இருந்தன. அவற்றை யாரும் கழுவவில்லை.

யேசுதாஸுக்குக் காது அடைத்துக்கொண்டது. சுற்றிலும் எல்லோரும் பேசுவது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. கடல் தாண்டி வந்தும், ஜனங்கள் மாறி, பாஷை மாறி, எல்லாம் மாறியும், அந்த இடுக்கி தனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று நினைத்தார். எழுந்தார். கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். அப்போதுதான் தன் முகத்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்கே தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிரிப்பு. அப்பாவின் சிரிப்பு அப்படியே தன் முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றதில் அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பிரின்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை, முகம் செத்துப்போய் அம்மாவைப் பார்த்தாள். விக்டோரியா இடுக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோணல் பாலத்தைத் தாண்டி, பாறைகளுக்குப் பின்னால் ஒரு கல் பெஞ்சு. யேசுதாஸ் அங்கே போய் உட்கார்ந்தார். மகள் தினம் தினம் அந்த வீட்டில் டீ குடிப்பாள், குடித்த கோப்பையை மாமியார் இடுக்கியால் எடுப்பார், இவளும் ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டு நிற்பாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினார். முடிவு பண்ணிய பிறகும் எழுந்திருக்கவில்லை. வேண்டாம் என்றால் மகளுக்கு அது என்ன என்பது அவருக்குத் தெரியும். அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போவதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. லாவ் வந்தார். எதுவும் கேட்காமல் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். தோளில் தொங்கியதை இறக்கி நடுவில் வைத்தார். யேசுதாஸ் அப்போதுதான் பார்த்தார், அதுவும் ஃபிளாஸ்க். இவருடையதை விடப் பழசு, அடி நசுங்கியது, வார் அறுந்து கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் குளத்து மீன்களைப் பார்த்தார்கள். லாவ் பேச்சுக்காக முழங்கையைத் திருப்பி ஒரு தழும்பைக் காட்டினார். "ஓவன்" என்றார். "ஹாட்." யேசுதாஸ் மரியாதைக்காகத் தன் மணிக்கட்டைக் காட்டினார். "ஃபர்னஸ்" என்றார். லாவ் அதைக் கவனமாகப் பார்த்து, தன்னுடையது ஒன்றுமில்லை என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

பிறகு லாவ் தன் ஃபிளாஸ்க்கைத் திறந்தார். உள்ளே டீகூட இல்லை, வெறும் வெந்நீர். மூடியில் கொஞ்சம் ஊற்றினார். குடிக்கவில்லை. அதைச் சுழற்றினார், விளிம்பெல்லாம் படுகிற மாதிரி சாய்த்தார், புல்லில் கொட்டினார். மறுபடி கொஞ்சம் ஊற்றி, மறுபடி கொட்டினார். அதற்குப் பிறகுதான் நிறைய ஊற்றினார்.

யேசுதாஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது லாவின் சொந்த மூடி. அவர் ஒருவர் மட்டும் வாய் வைக்கிற மூடி. வேறு யாரும் அதைத் தொடவில்லை. தன் மூடியையே ஒருவர் எதற்காகச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டும்? கையால் காட்டிக் கேட்டார். லாவுக்கு என்ன கேட்கிறார் என்பதே முதலில் புரியவில்லை. பல் தேய்ப்பது எதற்கு என்று கேட்டால் நாம் எப்படி விழிப்போமோ அப்படி விழித்தார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, மண்டபத்தைக் காட்டி, விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஆல்வேஸ்" என்றார். "மீ, வைஃப், எவ்ரிபடி. ஃபர்ஸ்ட் வாஷ், தென் டிரிங்க்."

அவர்கள் முன்னால் வந்தவர்கள், அவர்கள் கோப்பைகளை முன்னாலேயே கழுவியாகிவிட்டது. நாம் பின்னால் வந்தோம், நம்முடையதை நாம் வந்த பிறகு கழுவினார்கள். இவ்வளவுதான் நடந்தது. கழுவாத கோப்பையை விருந்தாளி கையில் எடுத்துவிட்டாரே, குடித்துவிடப் போகிறாரே என்று அந்த அம்மா பதறி அல்லவா இடுக்கியை எடுத்திருக்கிறார். யேசுதாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஊர்க் கடையின் இடுக்கி பொய்யில்லை. அது அப்படித்தான், அதை அவர் சாகிற வரைக்கும் மன்னிக்கப்போவதில்லை. ஆனால் இது வேறு இடுக்கி. லோகு வீட்டில் அன்று தட்டில் எப்படிப்பட்ட டம்ளர்கள் இருந்தன என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. பார்ப்பதற்கு முன்னாலேயே ஃபிளாஸ்க்கைத் திறந்துவிட்டாரே.

லாவ் நிறைத்த மூடியை இரண்டு கையாலும் பிடித்து அவரிடம் நீட்டினார். அவரிடம் இருந்தது அந்த ஒரே மூடி.

வாங்கிக் குடித்தால் கை நனைத்த மாதிரி. அது யேசுதாஸுக்குத் தெரியும், லாவுக்குத் தெரியாது. யேசுதாஸ் இரண்டு கையாலும் வாங்கினார். வெந்நீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு தன் ஃபிளாஸ்க்கை எடுத்தார். மூடியில் கொஞ்சம் டீ ஊற்றி, சுழற்றி, புல்லில் கொட்டினார். விக்டோரியா காலையில் இஞ்சி தட்டிப் போட்டு, பாலும் சர்க்கரையும் தாராளமாக விட்டுப் போட்ட டீ. நிறைய ஊற்றி நீட்டினார். இத்தனை வருஷத்தில் அந்த மூடியில் வேறொரு மனிதர் வாய் வைத்தது அப்போதுதான். லாவ் ஒரு வாய் குடித்ததும் சர்க்கரையில் கண் விரிந்தது. முழுக்கக் குடித்துவிட்டு மூடியை மறுபடி நீட்டினார்.

இங்கே இப்படி இருக்க, மண்டபத்தில் வேறு கூத்து. விக்டோரியா அத்தனை காலம் வாய்க்குள் வைத்திருந்ததை மகளிடம் சொல்லிவிட்டிருந்தார். அப்பா எதற்கு ஃபிளாஸ்க் சுமக்கிறார் என்று பிரின்சிக்கு அதுவரை தெரியாது. பள்ளிக்கூட நாளிலிருந்து அந்த ஃபிளாஸ்க்கைப் பார்த்து வெட்கப்பட்டவள் அவள். அழுதுகொண்டே ஆல்வினிடம் சொன்னாள், ஆல்வின் அம்மாவிடம் சொன்னான். அந்த அம்மாவுக்கு முழுதாகப் புரிந்ததோ இல்லையோ, புரிந்தவரை போதுமானதாக இருந்தது.

யேசுதாஸும் லாவும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். பிரின்சியின் கண் சிவந்திருந்தது. தட்டில் இடுக்கியைக் காணோம். ஆல்வினின் அம்மா புதுப் பானையிலிருந்து மீன் படம் போட்ட கோப்பையை நிரப்பி, வெறும் விரல்களால் விளிம்பைப் பிடித்துத் தூக்கினார். கொதிக்கிற டீ. விரல் நுனி சிவந்தது. அவர் விடவில்லை. யேசுதாஸ் அவசரமாக அதை வாங்கி மேஜையில் வைத்தார். வைத்துவிட்டு, இடுக்கி எங்கே என்று தேடினார். தட்டின் ஓரத்தில் கைத்துடைப்புத் துணிக்கு அடியில் அதன் நுனி தெரிந்தது. மறைத்து வைத்திருக்கிறார்கள். அவர் அதை எடுத்து, துணியில் துடைத்து, இரண்டு கையாலும் அந்த அம்மாவிடம் நீட்டினார்.

"பாப்பா, அவங்க கிட்ட சொல்லு" என்றார் பிரின்சியிடம். "எல்லாருக்கும் எப்பிடிக் கழுவுறாங்களோ, எனக்கும் அப்பிடியே கழுவச் சொல்லு."

பிரின்சி அதை இங்கிலீஷில் சொன்னாள், ஆல்வின் அதை அம்மாவுக்குச் சொன்னான். அந்த அம்மா இடுக்கியை வாங்கிக்கொண்டார். பிறகு மேஜையிலிருந்த எல்லாக் கோப்பைகளையும் காலி பண்ணினார். முதலில் தன் கணவருடையது, பிறகு தன்னுடையது, மகனுடையது, பிரின்சியுடையது, விக்டோரியாவுடையது, கடைசியில் மீன் படம் போட்டது. ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்து, கொதிக்கும் டீயால் கழுவி, ஒரே கிண்ணத்தில் கொட்டினார். எல்லாவற்றிலும் ஒரே பானையிலிருந்து ஊற்றினார்.

யேசுதாஸ் எடுத்துக் குடித்தார். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை, வேப்பிலைக் கஷாயம் மாதிரி கசந்தது. விக்டோரியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, கை நனைச்சிட்டீங்களே" என்றார் மெதுவாக.

"அங்கயே நனைச்சிட்டேன்" என்று பாலத்துப் பக்கம் காட்டினார் யேசுதாஸ். "நீயும் குடி, ஆறிடப்போவுது."

விக்டோரியா தன் கோப்பையை எடுத்தார். பிரின்சி அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஆல்வினின் அம்மா மறுபடி பானையைத் தூக்கி, வேண்டுமா என்று கண்ணால் கேட்டார். யேசுதாஸுக்கு அந்தக் கசப்பு கொஞ்சமும் பிடிக்கவில்லை. இருந்தாலும் கோப்பையை நீட்டினார்.